பூட்டிய மஜ்லிஸும் உம்மாவின் றெக்கோட்டும்

2006 பெப்ரவரி 12, ஞாயிறு

சாதாரண தரப் பரீட்சை எழுதி இரண்டு மாதம். முடிவு வரும்வரை நான் ஓர் அசாதாரணச் சோம்பேறி. வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட வாப்பாவின் கொமினிகேசன் கடை. அங்கேதான் காவல். மூன்று ரெலிபோன், ஒரு போட்டோக்கொப்பி மெசின், இரண்டு கொம்பியூட்டர், ஒரு கிருசாந்தன்.

கிருசாந்தன் ஓமந்தைக்கு அப்பால் முரசுமோட்டைக்காரன். பெரியம்மா வீட்டில் தங்கிக் கொம்பியூட்டர் படிக்கிறான். மீதி நேரம் எங்கள் கடையில் வேலை. ஊரில் அவன் வீட்டார் நெற்செய்கை. இவன் இங்கே கொம்பியூட்டரில் நெற் செய்கை. சொன்னேன். "உன்ர பகிடிக்கு உரம் போடடா, வளரும்" என்றான்.

இன்றைய குழப்படி: போட்டோக்கொப்பி மெசினில் "பழுது" என்று எழுதி ஒட்டினேன். வாப்பா திருத்துகிறவரைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுச் சொன்னது: "மெசினில ஒண்டுமில்ல மஹ்றூப் நானா. மகனிலதான் பழுது."

உம்மா குவைத்திலிருந்து வந்து இரண்டரை மாதம். ஏழு வருடம் அங்கே ஒரு வீட்டில் வேலை. ஒன்பது வயதில் அனுப்பிவைத்தேன், பதினாறில் திரும்பக் கிடைத்தார், எங்கேயோ சுற்றிவந்த கடிதம்போல. என்னிடம் "சாப்பிட்டியா மகன்" என்பதற்கு மேல் பேச்சில்லை. நானும் "ஓம் உம்மா"வுக்கு மேல் போவதில்லை.

ஆனால் சட்டி கழுவும்போது ஒரு அரபுப் பாட்டை முனகுகிறார். எப்போதும் அதே பாட்டு. எப்போதும் ஒரே இடத்தில் அறுந்து நிற்கிறது.

பெப்ரவரி 15

கேட்டேன்.

"அது என்ன பாட்டு உம்மா?"

"எந்தப் பாட்டு?"

"இப்ப படிச்சது."

"நான் எங்க படிச்சன்?"

சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். சரி. மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதியவன் நான். காதில் விழும் அரபை எழுத்தாக்கத் தெரியும். அர்த்தம்? அதை மட்டும் கேட்காதே. எங்கள் பட்டாணிச்சூரில் எல்லோரும் வாசிப்போம், யாருக்கும் விளங்காது, யாரும் அதைக் கேட்பதுமில்லை. குசினிக்கு வெளியே நின்று நான்கு சொற்களைப் பிடித்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பெப்ரவரி 16

உள்ளங்கையைப் பார்த்துக் கொம்பியூட்டரில் தேடினோம். உலகம் முழுக்கத் தேடி ஒரே ஓர் இடம் வந்தது. பழைய அரபுப் பாட்டுச் சேர்ப்பவர்களின் மன்றம். பெயர் மஜ்லிஸ். விருந்தாளியை இருத்தும் அறைக்கு அவர்கள் சொல்வது. குவைத், பஹ்ரேன் பக்கத்துப் பழைய பாட்டுக்கு ஸௌத் என்று பெயராம். அதைப் பழைய இசைத்தட்டு றெக்கோட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். உம்மாவின் நான்கு சொற்களும் ஒரு தலைப்பாக அங்கே இருக்கின்றன. பக்கத்தில் ஒரு பூட்டுப் படம். பாட்டும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது.

உள்ளே போக விதி: விண்ணப்பம் அரபில். உள்ளே இருக்கும் ஒருவர் பிணை நிற்கவேண்டும். அதோடு வேறு எவரிடமும் இல்லாத ஒன்றைக் கையோடு கொண்டுபோகவேண்டும்.

"வவுனியாவில பாஸ் எடுத்த மாதிரியெல்லோ கிடக்கு" என்றான் கிருசாந்தன். ஒருகாலம் அவன் பெரியம்மா இந்த ஊரில் தங்கப் பாஸுக்கும் பிணையாளுக்கும் அலைந்தவர். "இவங்கள் பரவாயில்ல. கிராமசேவகரின்ர கடிதம் கேக்கேல்ல."

திட்டம் இதுதான். பாட்டை எடுத்து, உம்மா சாப்பாடு கொண்டுவரும் நேரம் பெரிய ஸ்பீக்கரில் போடுவது. முகம் எப்படிப் போகிறதென்று பார்ப்பது. வேறொன்றுமில்லை.

பெப்ரவரி 19

விண்ணப்பம் போயிற்று. பெயர்: பேராசிரியர் றிஸ்கான் அல் வவுனியாவி. வயது 61. பதினாறைத் திருப்பிப் போட்டது, பாதிப் பொய்தான். "ஏன் உள்ளே வர விரும்புகிறீர்கள்?" என்பதற்குத் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து பயண துஆவை எழுத்தெழுத்தாக இறக்கினேன். வருவதும் பயணம்தானே. "உங்களைப் பற்றி" என்ற இடம் சின்னது. சாப்பாட்டு துஆ அளவாகப் பொருந்தியது. பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

மார்ச் 2

மஜ்லிஸின் வாசல்காரர் அபூ றாஷித் என்பவர். பஹ்ரேன். ஆங்கிலத்தில் பதில் போட்டிருக்கிறார்: "பேராசிரியரே, உங்கள் பயணம் நலமாகட்டும். உணவும் செமிக்கட்டும். ஆனால் நீங்கள் யார்?"

வாசிப்பவனுக்கு விளங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏழு வருடத்தில் அரபு விளங்குகிற ஒருவரையும் நான் சந்திக்கவில்லையே.

மார்ச் 8

கதவு திறக்காவிட்டால் யன்னல். எவரிடமும் இல்லாத ஒன்றுதானே வேண்டும்? செய்து கொடுப்போம்.

வீட்டுக் குசினி. கிருசாந்தன் பிளாஸ்டிக் வாளியில் தாளம். நான் அரபு இராகத்தில், மூக்கால்: "ஓமந்தை… புளியங்குளம்… கனகராயன்குளம்… மாங்குளம்… ஒட்டுசுட்டான்…" பஸ் போகிற வழியில் உள்ள ஊர்ப்பெயர் முழுக்க. பழைய றெக்கோட் இரைச்சலுக்கு உம்மா பொரித்துக்கொண்டிருந்த மீன் சட்டிக்குப் பக்கத்தில் கசற் றெக்கோடர். கிருசாந்தன் பளை வரைக்கும் போகப் பார்த்தான், நான் மாங்குளத்தில் திருப்பிவிட்டேன்.

போட்டுக் கேட்டோம். மீனைப் புரட்டிக்கொண்டே உம்மா சொன்னார்:

"இது என்ன?"

"பழைய றெக்கோட் உம்மா."

"றெக்கோட்டில கீறல் சுத்துக்கு ஒருக்காத்தான் வரும் மகன். டக்… டக்… டக்கெண்டு. இது மீன் பொரியிற மாதிரிக் கிடக்கு."

"மீன்தான் பொரியுது."

"அதத்தான் நானும் சொல்லுறன்."

அனுப்பிவிட்டோம். தலைப்பு: இலங்கைத் துறைமுகம், 1931, பாடியவர் தெரியவில்லை.

மார்ச் 11

மன்றத்தின் வாசல் பக்கம் எல்லோருக்கும் திறந்தது. அங்கே வைத்த பாட்டை உள்ளே இருப்பவர்கள் கேட்டு எழுதுகிறார்கள். ஒருவர் இது ஸன்ஸிபார் என்கிறார். இன்னொருவர் யெமன் மலைப்பக்கத்து மொழி என்கிறார். "புளியங்குளம்" என்ற இடத்தில் பாடகர் கண்ணீர் விடுவது கேட்கிறதாம். கிருசாந்தன் கதிரையிலிருந்து விழுந்தான்.

மார்ச் 13

அபூ றாஷித்: "றெக்கோட்டில் கீறல் சுற்றுக்கு ஒருமுறை வரும். இது சுற்றவில்லை, பொரிகிறது. என்ன மீன்?"

அதோடு பேராசிரியரின் பெயரையும் தடைசெய்துவிட்டார்.

நான் அந்த மீனைப் பற்றி யோசிக்கவில்லை. அதையே உம்மா சொன்னாரே. சட்டியைப் பார்த்தபடி. எப்படித் தெரியும்?

மார்ச் 14

இந்த முறை "எந்தப் பாட்டு" என்று மழுப்ப விடவில்லை. முழுவதையும் சொன்னேன்: நான்கு சொல், மஜ்லிஸ், பேராசிரியர், மீன். திட்டு விழும் என்று நின்றேன். உம்மா கட்டிலில் இருந்துவிட்டார்.

அந்த வீட்டில் ஒரு கிழவர். பாபா ஜாசிம். கண் தெரியாது. ஒரு அலுமாரி நிறைய றெக்கோட். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு கேட்பார். முன்பு இருந்த வேலைக்காரிக்கு அரபு எழுத்துத் தெரியாததால் எதைக் கேட்டாலும் வேறொன்றைப் போட்டாளாம். உம்மா வந்த அன்று ஒரு றெக்கோட்டைக் கையில் கொடுத்து அதில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னார். உம்மா வாசித்தார்.

"விளங்கினதா உம்மா?"

"ஒரு சொல்லும் விளங்கேல்ல. வாசிச்சன். அண்டையிலயிருந்து அதுதான் என்ர வேலை. பேச்சு பிறகுதான் வந்தது."

ஏழு வருடம். நான் இங்கே சட்டி பானை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16

பொய்யில்லாத கடிதம் ஒன்று, என் ஓட்டை ஆங்கிலத்தில், அபூ றாஷித்துக்கு. வயது 16. மீன் பாரை. உம்மாவின் கதை. எழுதி முடித்தபோது பல் பிடுங்கியது போல இருந்தது.

பதில்: "மீனுக்குப் பிறகு உன்னை எப்படி நம்புவது? ஞாயிறு பதினொரு மணிக்கு உன் கடைக்கு ரெலிபோன் எடுப்பேன். தாய் பேசட்டும்."

மார்ச் 17

உம்மா மாட்டேன் என்கிறார். "நான் பேசுறது வேலைக்காரிப் பேச்சு மகன். அவங்கள் படிச்ச ஆக்கள்."

வாப்பா பேப்பருக்குள் இருந்து: "பேசினாப் பேசட்டும். பாட்டு எண்டு மட்டும் பெலத்துச் சொல்லாதீங்கோ, பள்ளிவாசல்காரர் போற வழி."

மார்ச் 19, ஞாயிறு

வந்தார். உம்மாவேதான், புதுப் பர்தாவில். இரண்டாம் ரெலிபோனுக்கு முன்னால் கைகட்டி இருந்தார், டொக்டரிடம் வந்தவர் போல. பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. எடுத்தார். ஸலாம் சொன்னார்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது. உம்மா பேசினார். நிற்காமல். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசுகிறவர். கை ஆடுகிறது, புருவம் ஏறுகிறது, எதற்கோ கோபம் வந்து மேசையில் தட்டினார், உடனே சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கிருசாந்தன் மெல்லக் கேட்டான்: "டேய், இது உன்ர உம்மாதானோ?" தெரியாது என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை.

இடையில் ஏதோ கேள்வி வந்தது. உம்மா கண்ணை மூடி வெற்று இடத்தில் கையை நீட்டினார். மேல்தட்டு, இடப்பக்கம், மூன்றாவது. அலுமாரியில் தேடுகிறார். ஒவ்வொரு றெக்கோட்டாக உருவி, பேர் சொல்லி, பிரட்டி, மற்றப் பக்கமும் சொன்னார். ஒன்றின் மற்றப் பக்கத்தை முனகியும் காட்டினார். ரெலிபோனின் மறுமுனையில் சத்தமில்லை. "ஹலோ? ஹலோ?" என்றார். "லைன் அறுந்து போச்சு மகன்."

அறவில்லை. அபூ றாஷித் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த றெக்கோட்டின் ஒரு பக்கத்துப் பாட்டு மட்டும்தான் மஜ்லிஸில் இருக்கிறதாம். மற்றப் பக்கம் எப்படியென்று முப்பது வருடமாகத் தேடுகிறாராம்.

நாற்பது நிமிடம். அவரே பிணை நிற்கிறார்.

மார்ச் 21

உள்ளே. ஜொஹறா என்ற உம்மாவுக்கு அங்கே அவர்கள் வழக்கப்படி பெயர்: உம்மு றிஸ்கான். றிஸ்கானின் தாய். பேராசிரியரைத் துரத்திய வாசலில் என் பெயர் உள்ளே போயிருக்கிறது, உம்மாவின் பெயருக்குள் ஒளிந்து.

பூட்டுப் படம் போய்விட்டது. பாட்டு இறங்க ஒரு மணித்தியாலம். எண்பது வீதத்தில் கரண்ட் போயிற்று. திரும்ப முதலிலிருந்து.

மார்ச் 22

பெரிய ஸ்பீக்கர் திட்டம் கைவிடப்பட்டது. ஹெட்போனைக் கொடுத்தேன்.

உம்மா கேட்டார். கை தாளம் போட்டது. ஓரிடத்தில் நின்றது. முனகல் அறுகிற அதே இடமாக இருக்கவேண்டும். ஆனால் பாட்டு நிற்கவில்லை போலிருக்கிறது. உம்மா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குள் யாரோ சின்னதாகப் பாடிக்கொண்டே இருந்தார்.

"இதில ரெண்டு பக்கத்தையும் ஒட்டிப் போட்டிருக்கிறாங்கள்" என்றார்.

பிறகு சொன்னார். அந்தப் பாட்டு ஒரு றெக்கோட்டின் இரண்டு பக்கமும். பாதியில் எடுத்துப் பிரட்டவேண்டும். வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, பிரட்டும்போது கை வழுக்கியது. மூன்று துண்டு. கிழவருக்கு எல்லாவற்றிலும் பெரிது அந்தப் பாட்டுத்தான். "என்ன சத்தம்?" என்றாராம். தேத்தண்ணிக் கோப்பை என்றாராம் உம்மா. அடுத்த நாள் அதைப் போடச் சொன்னார். ஊசி தேய்ந்துவிட்டது. அதற்கடுத்த நாள்: பக்கத்து வீட்டார் இரவல் கொண்டுபோனார்கள். பிறகு: மணல் பட்டுவிட்டது, கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஐந்து மாதம், ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு. வெளிக்கிடுகிற அன்றும் கேட்டாராம். அன்றும் ஒன்று சொன்னாராம்.

"கண் தெரியாத மனிசன் மகன். கை பிடிச்சு நம்பின மனிசன்."

இவ்வளவு சாட்டு எனக்குக்கூட வராது.

மார்ச் 26

உம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டு பாபா ஜாசிமிடம் போகவேண்டும். உடைத்தது தானென்றும் அவர் கேட்கவேண்டும். அந்த வீட்டு ரெலிபோன் இலக்கம் மாறிவிட்டது. அல்லது உம்மா அப்படிச் சொல்கிறார்.

கடையில் மைக் பூட்டிக் கொடுத்தேன். அரபில் பேசினார். நான்கு நிமிடம். எனக்கு ஒரே சொல்தான் விளங்கியது: பொய். அது மத்ரஸாவில் அடிக்கடி எனக்கென்றே சொல்லித்தந்த சொல்.

அபூ றாஷித்தின் மருமகன் ஒருவர் குவைத்தில் இருக்கிறாராம். வீட்டைத் தேடிப்போய்க் கொடுப்பாராம். நேரம் எடுக்கும் என்கிறார்.

ஏப்ரல் 12

பதிலில்லை. ரோட்டில் கிளைமோர்க் குண்டு. கடை இரண்டு நாள் பூட்டு.

ஏப்ரல் 13

பூட்டு.

ஏப்ரல் 29

கிருசாந்தன் ஊருக்குப் போய்விட்டான். நிலைமை சரியில்லை, வா என்று தாய் கூப்பிட்டாராம். ஓமந்தைச் சோதனைச்சாவடி வரை கூடப் போனேன். "நெற்செய்கைதான் இனி" என்றான். என் பகிடியை எனக்கே திருப்பித் தந்துவிட்டுப் போகிறான்.

உம்மா ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடு வந்து கேட்பது: "வந்ததா?" இல்லை. "சரி, சாப்பிடு."

மே 14

அபூ றாஷித்துக்கு எழுதினேன்: எனக்கும் என் பெயரில் ஓர் இடம் தாருங்கள். பதில்: "மீன்காரனே, உனக்கு யார் பிணை? உள்ளே உன் தாய் இருக்கிறார். அவரைக் கேள்."

கேட்டேன். உம்மா யோசித்தார்.

"ஏழு நாள். ஒரு பொய்யும் சொல்லாம இரு. பிறகு பிணை நிக்கிறன்."

"பகிடிக்குச் சொல்லுறதும் பொய்யா?"

"உனக்குத் தெரியும் எது எதெண்டு."

மே 16

இரண்டாம் நாளில் அவுட். வாப்பா "ஆர் கதிரைக்குக் கீழ பபிள்கம் ஒட்டினது?" என்றார். வாய் தானாக "கிருசாந்தன்" என்றது. அவன் போய் இரண்டு கிழமை.

மே 23

நான்காம் நாளில் அவுட். விபரம் எழுத விருப்பமில்லை.

மே 28, ஞாயிறு

திரும்ப ஒன்று. உம்மாவுக்கு இப்போது சிரிப்பு. காலையில் "எத்தினை?" என்று கேட்கிறார். நானும் விரல் காட்டுகிறேன். சாப்பிட்டியாவுக்கு மேல் ஒரு சொல் வந்திருக்கிறது.

ஜூன் 1

ஐந்து. ஒரு வாடிக்கையாளர் "நெற் கெதியா வேலை செய்யுமோ தம்பி?" என்றார். "இல்லை" என்றேன். போய்விட்டார். உண்மையால் வியாபாரம் இல்லை.

ஜூன் 2, வெள்ளி

ஆறு.

அபூ றாஷித்தின் கடிதம். உம்மு றிஸ்கானுக்கு அல்ல, எனக்கு, ஆங்கிலத்தில்.

பாபா ஜாசிம் ஜனவரியிலேயே மௌத், காலமாகிவிட்டார். உம்மா வெளிக்கிட்டு ஏழு கிழமையில். வீடு பூட்டிக் கிடக்கிறதாம். மருமகன் அக்கம்பக்கம் விசாரித்து அறிய இவ்வளவு நாள். அதாவது நாங்கள் மைக் பூட்டிப் பேசியபோது கேட்க ஆளே இல்லை. "இதை உன் தாய்க்கு அவருடைய மொழியில் நீ சொல்வதே நல்லது" என்று முடித்திருக்கிறார்.

அச்செடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். எப்படிச் சொல்லுறது? ஜனவரி எண்டு எப்படிச் சொல்லுறது? எனக்கு என்னத்துக்கு இந்த வேலை, நான் பாட்டுக்கு ஸ்பீக்கரில போட்டிட்டுச் சிரிச்சிருப்பன்—

வெள்ளித் தொழுகை முடிந்த நேரம் உம்மா சாப்பாட்டோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். கூடையை வைக்கவில்லை.

"வந்ததா?"

"ஓம்."

"குடுத்தவங்களா? கேட்டாரா?"

"கேட்டாராம் உம்மா."

நிற்கவேண்டிய இடம் அது. நிற்கவில்லை.

"கேட்டுப்போட்டுச் சிரிச்சாராம். றெக்கோட் உடைஞ்ச சத்தம் எனக்கு அண்டைக்கே தெரியும் எண்டாராம். கோப்பை உடையிற சத்தம் எனக்குத் தெரியாதா எண்டாராம். ஜொஹறா நாளைக்கு என்ன சாட்டுக் கொண்டு வாறா எண்டு பாக்கத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டனான் எண்டாராம்."

உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பென்றுதான் நினைக்கிறேன்.

"கள்ளக் கிழவன்" என்றார்.

பிறகு கூடையைத் திறந்து எனக்குச் சோறு போட்டார். அளவுக்கு மேலே.

ஜூன் 3

நடந்ததை அபூ றாஷித்துக்கு எழுதினேன். தயவுசெய்து நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டேன். பதில்: "மஜ்லிஸில் நான் பொய் சொல்வதில்லை. ஆனால் பேசாமல் இருக்கத் தெரியும்."

ஜூன் 4, ஞாயிறு

உம்மா கடைக்கு வந்தார். சாப்பாடு இல்லாமல், சும்மா.

"ஏழும் முடிஞ்சுதெல்லோ. தள்ளு. உனக்குப் பிணை நிக்கிறன்."

"இல்ல உம்மா. நடுவில ஒண்டு பிசகிப் போச்சு. திரும்ப முதல்லயிருந்து எண்ணவேணும்."

"எப்ப பிசகினது?"

ரெலிபோன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை."

உம்மா வாசலுக்குத் திரும்பினார். வெளியே பஸ் ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டு நின்றது. அது புறப்படும்வரை அப்படியே நின்றார். கண்ணைத் துடைத்தார். உதடு அசைந்தது, மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுவதைத்தான் ஓதினார். பிறகு என்னைத் தோளில் பிடித்து அங்கால தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தார். பலகையில் எழுத்தைத் தேடித் தேடி, ஒற்றை விரலால், அரபில் என் பெயரை அடித்தார். அதற்குக் கீழே இரண்டு வரி.

"உம்மா, ஏழு நாள் ஆகேல்ல."

"தெரியும்" என்றார். "எதை அமத்தினா இது போகும்? காட்டு."

காட்டினேன்.